செவலை மாட்டுக்கு மூன்று நாடு

உலக நாடுகள் ஒற்றுமையாக இருக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் கீழ்வேளூருக்குக் கிழக்கே இருக்கிற வடக்காலங்குடிக்கு வந்ததில்லை. வந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருப்பார்கள். மகான்கள் உபதேசம் செய்தும், படைகள் மோதியும் வராத ஒற்றுமை, அந்த ஊரில் ஒரு செவலைக் காளையின் நாக்கிலிருந்து வழிந்த எச்சிலில் பிறந்தது. அந்தத் திருவிளையாடல் இப்படித்தான் நடந்தது.

கழக ஆட்சி வந்து, குத்தகைதாரர்களைப் பதிவு செய்யவேண்டும் என்று சட்டமும் வந்த சமயம். சட்டம் மாறிய வேகத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் மிராசுதார்களும் மாறினார்கள். வடக்காலங்குடி மிராசுதார் காயாரோகணம், மயில்கண் வேட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கட்சிக்கரை வேட்டி கட்டிக்கொண்டார். கட்டிய கையோடு, தன்னுடைய அரை வேலி நிலத்தை இருபது வருஷமாக உழுதுவந்த அரசப்பன் குத்தகைதாரனே அல்ல, ஏதோ கூலிக்கு வந்து போகிற ஆள் என்று தாலுகா ஆபீசில் எழுதியும் கொடுத்தார்.

அதிகாரிகள் ஆழ்ந்து யோசித்தார்கள். கடைசியில், "இந்தப் போகம் அந்த நிலத்தில் எவர் அறுவடை செய்கிறாரோ அவரே சாகுபடிதாரர்" என்று முடிவு செய்தார்கள். நீதி என்றால் இதுதான். ஒரு பக்கம் அரசப்பன், அவன் சம்சாரம் அம்சம், ஒரு ஜோடி மாடு. இன்னொரு பக்கம் மிராசுதார், டிராக்டர், தடியோடு பதினைந்து ஆட்கள். இரண்டு கட்சிக்கும் சம வாய்ப்பு.

ஆடி மாதம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அதே வாரம் அரசப்பனின் செவலைக்குக் கோமாரி வந்தது. வாயெல்லாம் கொப்புளம், குளம்பெல்லாம் புண், கயிறு கயிறாக நுரை. சேற்றில் நின்றால் குளம்புக்கு இதம் என்று அம்சம் அதைக் கொண்டுபோய் வழக்கடியில் கிடந்த அந்த அரை வேலியின் நடுவில் கட்டினாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அவளுக்குத் தெரியாத வைத்தியத்தைச் செய்ய டாக்டர் பஞ்சநதம் சைக்கிளில் வந்தார்.

டாக்டருக்குப் பெயர்தான் திருவையாற்றுச் சாமி பெயர். ஆள் பிறந்து வளர்ந்ததெல்லாம் திருவல்லிக்கேணி. ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்த நாள் முதல் அவர் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தது ஒரு சுற்றறிக்கை. 'மும்முனைக் குளம்புநோய் ஆய்வக ஒத்துழைப்புத் திட்டம்' என்று அதற்குப் பெயர். கடலுக்கு அப்பால் ஒரு குளிர் தேசம், மலைக்கு அப்பால் இன்னொரு தேசம், மூன்றாவதாக நம் தேசம். மூன்றிலும் ஒவ்வோர் ஆய்வகம். ஒரே மாட்டின் எச்சிலை மூன்றும் தனித்தனியாகப் பரிசோதிக்கும். மூன்று முடிவும் ஒத்துப்போகிற வரைக்கும், பிராணி நிற்கிற நிலத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் கொடி நடவேண்டும். உரிமையாளரின் குடும்பத்தைத் தவிர ஈ, காக்காய் உள்ளே நுழையாமல் போலீஸ் காவல் போடவேண்டும். மனித குலத்தின் இந்த மகத்தான முயற்சிக்கு ஒரே ஒரு மாடுதான் பாக்கியாக இருந்தது. அது கிடைத்துவிட்டது.

"மாடு எங்கேப்பா நிக்குது?" என்றார் டாக்டர்.

"நிலத்துலதாங்க டாக்டரய்யா" என்றான் அரசப்பன்.

"யார் நிலம்?"

"நம்ம நிலந்தாங்க."

"அதைத்தான் தாலுகா ஆபீசுல கேட்டுக்கிட்டிருக்காங்க" என்றாள் அம்சம்.

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. உணர்ச்சிவசப்பட்டிருந்தார். செவலையின் நாக்கில் சுரண்டி மூன்று குப்பியில் போட்டார். ஐஸில் வைத்து அனுப்பவேண்டும். வடக்காலங்குடியில் ஐஸுக்கு எங்கே போவது? நாகப்பட்டினத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்கிற சேக் தாவூதுதான் கைகொடுத்தார்.

"ஐஸ்தானே சார், எடுத்துக்குங்க. ஓரத்துல ரெண்டு மத்தி கிடக்கும். அதுங்க ஒண்ணும் பேசாது."

"கரையாம மெட்ராஸ் போய்ச் சேருமா பாய்?"

"சுத்தி உமி போட்டுக் கட்டுங்க. சிங்கப்பூர் வரைக்கும் போகும்."

இவ்வாறாக மாதிரிகள் பயணப்பட்டன. நான்கு மூலையிலும் கொடி ஏறியது. டாக்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது.

பாவம், அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. அந்தப் பக்கத்தில் வயலில் ஒரு கொடி நட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: 'இது எங்க நிலம், முடிஞ்சா கையை வைச்சுப் பாரு.' சிவப்புக் கொடி பார்த்த மண் அது. இரண்டு வர்ணம், மூன்று வர்ணம் எல்லாம் பார்த்தாயிற்று. மஞ்சள்தான் புதுசு.

மறுநாள் விடிந்ததும் காயாரோகணம் டிராக்டரோடும் ஆட்களோடும் உழ வந்தார். வரப்பில் கொடியைப் பார்த்ததும் டிராக்டர் தானாக நின்றது. காவலுக்கு இருந்த போலீஸ்காரர் எழுந்து சல்யூட் அடித்தார்.

"யாருய்யா கொடி நட்டது?"

"டாக்டருங்க."

"என்ன கட்சி?"

போலீஸ்காரர் கையிலிருந்த உத்தரவை எழுத்துக்கூட்டிப் பார்த்தார். "சர்வதேசம்னு போட்டிருக்குங்க ஐயா. மூணு நாடு சேர்ந்து நடத்துதாம்."

காயாரோகணம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மூணு நாடா? நம்ம கட்சிக்கே ஒரு மாநிலம்தானேய்யா இருக்கு!"

"வண்டியைத் திருப்பட்டுங்களா?" என்றான் டிரைவர்.

"திருப்பு. கொடியில சக்கரம் படாமத் திருப்புடா, பாவி."

அரசப்பனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்சம் சிரிக்கவில்லை. கொடிக்கம்பு சாயாமல் இருக்க நாலு மூலையிலும் களிமண் வைத்து மிதித்தாள்.

பத்துப் பதினைந்து நாளில் செவலைக்குப் புண் ஆறிவிட்டது. ஆனால் உலகத்தின் பார்வையில் அது நோயாளி. முடிவுகள் வரவேண்டுமே! டாக்டர் ஒருநாள் வந்து பார்த்தபோது நோயாளி ஏரில் பூட்டியிருந்தது.

"என்ன அரசப்பா இது! நோயுற்ற பிராணியை உழ வைக்கலாமா?"

"உழலைங்க. டாக்டரய்யா நடக்க விடச் சொன்னீங்களேன்னு நடக்க விட்டிருக்கேன். பின்னால கலப்பை தானா வருது."

"பக்கத்துல அந்த மயிலைக் காளை? அது எப்படி உள்ளே வந்துது?"

"அது குடும்பத்தைச் சேர்ந்ததுங்க."

சுற்றறிக்கையில் குடும்பத்துக்கு அனுமதி உண்டு. டாக்டர் யோசித்துவிட்டு, 'நோயாளி நேர்கோட்டில் உற்சாகமாக நடமாடுகிறது' என்று குறித்துக்கொண்டார். குளிர் தேசத்து ஆய்வகம் அந்த 'நேர்கோட்டில்' என்ற சொல்லில் மிகுந்த அக்கறை காட்டி, எவ்வளவு நீளக் கோடு என்று கேட்டு எழுதியது.

அப்புறம் முடிவுகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. குளிர் தேசம் சொன்னது: 'கோமாரி உறுதி.' மலை தேசம் சொன்னது: 'கோமாரி இல்லை. ஆனால் நாக்கில் மீன் செதில்கள் உள்ளன. இது மாடுதானா என்று தெரிவிக்கவும்.' நம் தேசம் சொன்னது: 'மாதிரியில் உமி மட்டுமே காணப்பட்டது. நல்ல ரகம். வேளாண்மைத் துறையின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

தபால் வருகிற நாளெல்லாம் அரசப்பன் மருந்தகத்து வாசலில் நிற்பான்.

"ஒத்துப்போச்சுங்களா, டாக்டரய்யா?"

"இல்லையேப்பா. மனசு விட்டுடாதே. மறுபடியும் பரிசோதனை பண்றாங்க."

"பண்ணட்டுங்க, பண்ணட்டுங்க. அவசரமே இல்லை." அங்கிருந்தே குரல் கொடுப்பான்: "அம்சம்! ஒத்துப்போகலையாம்! நாத்துப் பறிக்க ஆள் சொல்லிடு!"

ஆள் என்றால் அம்சத்தின் அக்கா, அக்காளின் ஓரகத்தி, ஓரகத்தியின் நாத்தனார். எல்லாரும் குடும்பம். அந்த வருஷம் அரசப்பனின் குடும்பம் மிகவும் பெரிசு. பாட்டுப் பாடிக்கொண்டு நட்டு முடித்தார்கள். போலீஸ்காரருக்கும் ஒரு தூக்குச் சட்டியில் சோறு போயிற்று.

இதற்கிடையில் மற்றக் குத்தகைதாரர்கள் சும்மா இருப்பார்களா? மஞ்சள் கொடி இருக்கிற நிலத்தில் மிராசு கால் வைப்பதில்லை என்கிற சேதி வாய்க்கால் தண்ணீரைவிட வேகமாகப் பரவியது. கடைத்தெருவில் மஞ்சள் தூள் கிடைக்கவில்லை. பழைய வேட்டியெல்லாம் மஞ்சளில் நனைந்து வரப்பில் ஏறியது. கட்சி இல்லை, கண்காணிப்புத்தான் என்று டாக்டர் வீடு வீடாகப் போய் விளக்கினார். எல்லாரும் கண்ணைச் சிமிட்டினார்கள்.

"அப்படியேதான் சொல்லணும் டாக்டரய்யா. நாங்களும் யார் கேட்டாலும் கண்காணிப்புன்னுதான் சொல்லுவோம்."

ஒருநாள் பொழுது சாய, காயாரோகணமே ஒரு தார் பூவன்பழத்தோடு மருந்தகத்துக்கு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

"டாக்டர் தம்பி, நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு? மாவட்டச் செயலாளர் போட்டாச்சா?"

"எதுக்கு சார்?"

"மஞ்சளுக்குத்தான்."

"இது கட்சி இல்லை சார். மாட்டு வியாதி."

"எல்லாக் கட்சியும் ஆரம்பத்துல இப்படித்தான் தம்பி அடக்கமாப் பேசும். என் பேரை மனசுல வைச்சுக்குங்க. வேட்டிக்கரை என்ன அகலம்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க, நெசவுக்குக் கொடுக்கணும்."

கார்த்திகை பிறந்தது. நாக்கில் செதில் முளைத்த மாட்டை நேரில் பார்க்கக் குளிர் தேசத்திலிருந்து டாக்டர் லார்சன் என்பவர் புறப்பட்டு வந்தார். ஆறடி உயரம், வெயிலில் நண்டு மாதிரி சிவந்த முகம். கார் ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் அவர் நிறுத்தச் சொன்னார். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பச்சை வயல். வயலெல்லாம் மஞ்சள் கொடி. உலகத்தில் முப்பது தேசத்தில் கோமாரியைப் பார்த்தவர் அவர். இப்படி ஒரு கண்காணிப்பை எங்கேயும் பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். உதடு துடித்தது.

மிராசுதார் செலவில் நாதஸ்வரம், மாலை, மேடை. காயாரோகணம் மஞ்சள் துண்டு போட்டுக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"கொப்புளம் கண்டு கொதித்தோம்! கொடியினைக் கண்டு குளிர்ந்தோம்! வாயிலே நுரை தள்ளிய வடக்காலங்குடி, இன்று வையகத்தின் வாயிலிலே வந்து நிற்கிறது!"

பெருத்த கைதட்டல். லார்சன் எழுந்து பதில் சொன்னார். டாக்டர் பஞ்சநதம் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"உங்கள் மாடுகளின் நோயை உலகமே கவலையோடு கவனிக்கிறது என்கிறார். இந்தக் கொடிகள் எல்லாம் மாட்டுக்காக நடப்பட்டவை. மாடு குணமானதும் எடுக்கப்படும் என்கிறார்."

காயாரோகணம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டாக்டரின் காதருகே வந்தார்.

"அப்ப இது கட்சி இல்லையா?"

"நாலு மாசமா அதைத்தானே சார் சொல்றேன்."

"நிஜமாவே மாட்டுக்குத்தானா?"

"மாட்டுக்கு மட்டும்தான்."

காயாரோகணம் மஞ்சள் துண்டை எடுத்து மெதுவாக நாலாக மடித்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்சம், "போச்சு" என்றாள்.

லார்சன் செவலையின் நாக்கை இழுத்துப் பார்த்து, செதில் காணாமல் வருத்தப்பட்டு, புதிதாக மூன்று குப்பி எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். அவர் போன மறுநாளே தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து, மாதிரி எடுக்காத மாட்டின் கொடியையெல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். அரசப்பனின் நான்கு கொடி மட்டும் நின்றது. புதுக் குப்பிகளின் முடிவும் வந்தது. குளிர் தேசம் இல்லை என்றது, மலை தேசம் உறுதி என்றது. தவறு என்று ஒருவரையொருவர் சொல்லிக்கொண்டு, போன தடவை எதிராளி சொன்னதற்கே இருவரும் மாறியிருந்தார்கள். நம் தேசம், உமி ரகத்துக்குப் பெயர் கேட்டிருந்தது.

"ஒத்துப்போச்சுங்களா?"

"எங்கே!"

"நல்லதுங்க."

மார்கழிக் கடைசியில் கதிர் முற்றி, அரை வேலியும் தலை சாய்ந்து நின்றது. இன்னும் இருபது நாள் போனால் அறுக்கலாம். அறுத்துவிட்டால் அரசப்பன் குத்தகைதாரன். அந்த நேரம் பார்த்து ஒருநாள் காலை செவலையையும் காணோம், மயிலையையும் காணோம். அவிழ்த்த கயிறு கட்டுத்தறியில் கிடந்தது. சந்தைக்குப் போகிற சாலையில் பார்த்ததாக சேக் தாவூது சொன்னார். ஓட்டிப் போனவர்கள் யாருடைய ஆட்கள் என்று ஊருக்கே தெரியும். காவலுக்கு இருந்த போலீஸ்காரருக்கு மட்டும் தெரியாது.

காயாரோகணம் மருந்தகத்துக்கு வந்தார். இந்தத் தடவை பழம் இல்லை.

"மாடு இல்லாத இடத்துல மாட்டுக்கொடி எதுக்கு டாக்டர்?"

சட்டம் அப்படித்தான் இருந்தது. 'பிராணி இல்லாத பட்சத்தில் கொடிகள் அகற்றப்படும். அதே இடத்தில் வேறொரு பிராணியின் மாதிரி எடுக்கப்பட்டிருந்தால், அதன் முடிவு வரும்வரை கொடிகள் நீடிக்கும்.' டாக்டர் வயலுக்குப் போனார். கட்டுத்தறிக்குப் பக்கத்தில் அரசப்பன் குந்தியிருந்தான். டாக்டர் சட்டத்தைப் படித்துக் காட்டினார். அவன் கேட்டுவிட்டு, கிட்டே வந்து, வாயை 'ஆ' என்று திறந்தான்.

"என்னப்பா?"

"எடுங்க டாக்டரய்யா. மாதிரி."

"விளையாடறியா? இது மாட்டுக்கான திட்டம்."

"பிராணின்னுதானே இப்பப் படிச்சீங்க?"

"எடுங்க டாக்டரய்யா" என்றாள் அம்சம். "இருபது வருஷமா இந்த நிலத்தை உழுதிருக்கு. கொம்பு ஒண்ணுதான் இல்லை."

டாக்டர் பஞ்சநதம் கதிரைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுற்றறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அரசப்பனின் நாக்கில் சுரண்டி மூன்று குப்பியில் போட்டார். விவரச் சீட்டில் ஒரு சொல்கூடப் பொய் எழுதவில்லை: 'ஆண். நிறம் கறுப்பு. பல் முப்பத்திரண்டு. உழவுக்குப் பழகியது. உதைக்காது.'

"முடிவு வர எத்தனை நாளாகுங்க?"

"முடிவு வந்தாலும் மூணும் ஒத்துப்போகணுமே. செவலைக்கு அஞ்சு மாசமா ஒத்துப்போகலை."

அரசப்பன் கும்பிட்டான். "அந்தப் புண்ணியவானுங்க நல்லா இருக்கணும்."

தை பிறந்தது. அறுப்பு நாளன்று பனி விலகும்முன்னே பெரிய குடும்பம் முழுக்க அரிவாளோடு வந்து வரப்பில் வரிசை கட்டியது. அரசப்பன் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு முதல் பிடியை அறுத்தான். எதிர்வரப்பில் காயாரோகணம், பதினைந்து ஆட்கள். நடுவில் நாலு மஞ்சள் கொடி, ஒரு போலீஸ்காரர். கொடி ஓரத்தில் டாக்டர் பஞ்சநதம், என்றுமில்லாத மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்.

வாய்க்கால் கரையில் தந்திச் சேவகரின் சைக்கிள் மணி கேட்டது.

"டாக்டர் சார்! உங்களுக்கு மூணு தந்தி. ஒரே நாள்ல மூணு! பெரிய இடத்துக் கல்யாணத்துக்குக்கூட இப்படி வந்ததில்லை."

டாக்டர் முதல் தந்தியைப் பிரித்தார். குளிர் தேசம். இரண்டாவது, மலை தேசம். மூன்றாவது, நம் தேசம். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். வரப்பைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்த காயாரோகணத்துக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"ஆகா! ஒத்துழைப்புன்னா இதுல்ல ஒத்துழைப்பு!" என்று கையைத் தட்டினார். போலீஸ்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், டாக்டர் முகத்தைப் பார்த்தார், போய் முதல் கொடியைப் பிடுங்கினார். பதினைந்து ஆட்களும் வரப்பிலிருந்து இறங்கினார்கள்.

நெற்கட்டைக் கையில் பிடித்தபடி அரசப்பன் நிமிர்ந்தான்.

"ஒத்துப்போச்சுங்களா, டாக்டரய்யா?"

"ஒத்துப்போச்சு அரசப்பா. மூணும் ஒரு எழுத்துப் பிசகாம ஒத்துப்போச்சு."

"என்னன்னுங்க?"

டாக்டர் படித்தார்:

"'மாதிரி மனிதனுடையது. கண்காணிக்கத் தேவையில்லை.'"